சுள்ளி பொறுக்காத காடு



இந்தத் தடவை சுவர் இதழுக்கு "நான் பார்த்த இடம்" என்று தலைப்பு கொடுத்தார் தமிழ் ஐயா. வகுப்பில் பாதிப் பேர் வண்டலூர், மீதிப் பேர் மாமல்லபுரம். நான் காட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "நீ எந்தக் காட்டுக்குப் போனே? ஏரிக்கரைக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஐயா மட்டும், "எழுதும்மா, எத்தனை தாள் வேணும்?" என்று கேட்டார். நாலு தாள் கேட்டேன். ஆறு ஆகிவிட்டது. அதனால் பொறுமையாகப் படிக்கவும். இன்டர்வலில் ஒரு தாள், சாப்பாட்டு மணியில் ஒரு தாள் என்று படித்தாலும் சரிதான்.

அவர்கள் சிரித்ததிலும் தப்பில்லை. நம் பக்கத்தில் காடு என்றால் நமக்குத் தெரிந்தது ஏரிக்கரையில் இருக்கும் சீமைக் கருவேலம்தான். குட்டி குட்டி இலை, கை நீள முள். பந்து உள்ளே போனால் யார் எடுப்பது என்று சண்டை வரும். நிழலும் கிடையாது. ஆனால் நம்ம ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மாங்காடு. திருவேற்காடு, அதாவது வேல மரக் காடு. ரயிலில் அரக்கோணம் பக்கம் போனால் திருவாலங்காடு, ஆலமரக் காடு. திருமுல்லைவாயில், முல்லைக் கொடி. வேப்பம்பட்டுக்கு விளக்கமே வேண்டாம். மாங்காட்டுக்கு நான் பத்து தடவையாவது போயிருப்பேன். காடு எங்கே என்று ஒரு தடவைகூட கேட்கத் தோன்றியதில்லை. பேர் மட்டும் பஸ்சில் போர்டாகப் போய் வந்துகொண்டிருக்கிறது.

நான் போனது 2025 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்ன மாமா பையனுக்கு மொட்டை அடித்துக் காது குத்து. தாத்தா வழிக் குலதெய்வம் கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார். விழுப்புரம் மாவட்டம், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு வேன். ஆவடியிலிருந்து வெளிவட்டச் சாலை பிடித்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம், அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை. நான் கல்பாக்கம் வரைக்கும் தூங்கினேன். மரக்காணத்தில் உப்பளம் வந்ததும் ஆயா எழுப்பினாங்க. வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், அதன்மேல் கீற்று மூடி வைத்திருந்தார்கள். ஆயா என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. எங்கள் வீட்டில்தான் இருக்காங்க. எழுபது வயசு. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொரு கண்ணில் புரை. மரக்காணம் பக்கம் ஒரு சின்ன ஊர்தான் அவங்க பிறந்த ஊர். அந்த ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாங்க. ஏன் என்று பிறகு தெரியும்.

வேனை விட்டு இறங்கினபோது மணி ஏழே முக்கால். அப்பவே வெயில் சுள்ளென்று இருந்தது. கோயிலைச் சுற்றி ஒரே பச்சை. தூரத்தில் பார்த்தால் ஒரு பெரிய பச்சைக் குடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. மரங்கள் ரொம்ப உயரம் இல்லை. நம்ம ஊர் மாடி வீடு உயரம்தான் இருக்கும். ஆனால் ஒன்றோடு ஒன்று நெருக்கமாகக் கை கோத்து நின்றன. மே மாதத்தில் ஒரு மரம்கூட மொட்டையாக இல்லை! (மொட்டை எங்கள் மாமா பையன் மட்டும்தான்.)

முதலில் பொங்கல் வேலை. இங்கேதான் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அடுப்பு மூட்ட விறகு வேண்டும். சுற்றிலும் காடு. கீழே காய்ந்த குச்சியும் கிளையும் அவ்வளவு கிடக்கிறது. மாமா பர்ஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கட்டுக் கட்டாகச் சவுக்கு விறகு வைத்து விற்றார்கள். "மாமா, அங்கேயே கிடக்குதே, எடுத்தா என்ன?" என்று நான் கேட்டேன். அத்தை என் வாயைப் பொத்தாத குறை. "அய்யனார் காட்டுல சுள்ளிகூட எடுக்கக் கூடாதுடி!" ரெண்டு கட்டு விறகு வாங்கினோம். மாமா காசு எடுப்பதற்குள் ஆயா சுருக்குப்பையைத் திறந்து பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ண ஆரம்பித்துவிட்டாங்க.

"ஏம்மா, நான் குடுக்க மாட்டேனா?" என்றார் மாமா.

"நீ ஆடு வாங்கு, சேலை வாங்கு, என்ன வேணா வாங்கு. விறகுக்கு நான்தான் குடுப்பேன்."

அவ்வளவுதான் பேச்சு. கிழவிக்குப் பிடிவாதம் என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சவுக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் சவுக்குத் தோப்புதான். ஊசி ஊசியாகத் தொங்குவதை நான் இலை என்று நினைத்தேன். அது இலை இல்லையாம், மெல்லிய கிளை. உண்மையான இலை அந்தக் கிளையின் கணுவில் பல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமாம். அறிவியல் டீச்சர் சொல்லி, நான் பிறகு ஒரு குச்சியைப் பிய்த்துப் பார்த்தேன், உண்மைதான். சமூக அறிவியல் சார் இன்னொன்று சொன்னார். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது. அது வேறெங்கும் இல்லை, நாம் தினமும் கேட் மூடிக் காத்துக்கொண்டு நிற்கிறோமே, அதே ஆவடி வழித் தடம்தான். அந்தக் காலத்து இன்ஜின் விறகு எரித்து ஓடியது. விறகுக்குக் காடுகள் போதாமல் போய், கடற்கரை ஓரத்து மணலில் சவுக்கு நட ஆரம்பித்தார்களாம். சென்னை மாகாணத்தில் வனத்துறை தொடங்கியதும் அதே 1856ல்தான். ஒரு பக்கம் காட்டைத் தின்ன ரயில், இன்னொரு பக்கம் காட்டைக் காக்க ஆபீஸ், ரெண்டும் ஒரே வருஷம்! ஹூ ஹூ என்று சத்தம் போட்டுக்கொண்டு போகும் ரயிலைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

சரி, காட்டுக்கு வருவோம்.

மொட்டை அடிக்க வரிசை பெரிதாக இருந்தது. ஆயா என்னைக் கூப்பிட்டு, "வாடி, ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்றாங்க. செருப்பைக் கோயிலிலேயே விட்டிருந்தோம். வெளியே மண் காலைச் சுட்டது. மரத்தடியில் கால் வைத்ததும் ஜில்லென்று ஆகிவிட்டது. இது நான் அளக்கவில்லை, கால் சொன்னது. மணல் மண்தான், ஆனால் அதன்மேல் இலைச் சருகு மெத்தை மாதிரி. வெளிச்சம் காசு காசாகக் கீழே கிடந்தது. கொடிகள் என் கை அளவு தடிமனில் மரத்துக்கு மரம் தாவிப் போயிருந்தன. எங்கே ஒரு கொடி ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கேயோ செம்போத்து "ஊப் ஊப்" என்றது. கோயில் ஸ்பீக்கர் பாட்டுகூட உள்ளே போகப் போக மெதுவாகிவிட்டது. கொசுவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாதை ஓரத்தில் எங்களை மாதிரி வந்தவர்கள் போட்ட பிளாஸ்டிக் டம்ளரும் கிடந்தது. இதற்கு மட்டும் யாரும் சாமிக்குப் பயப்படுவதில்லை போல.

ஆயா நிறைய மரத்துக்குப் பேர் சொன்னாங்க. கண் சரியாகத் தெரியாததால் கீழே விழுந்த இலையைத்தான் எடுத்தாங்க. விரலால் தடவி, மடித்து, மூக்கில் வைத்து, பேர் சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டாங்க. ஒரு இலைகூட மாறவில்லை. "இது காயா. எங்க ஊர்ல காசானு சொல்லுவோம். பூ பூத்தா குச்சி முழுக்க நீலமா ஒட்டிக்கிட்டு இருக்கும்." எனக்கு உடனே தூக்கிவாரிப் போட்டது. காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைச் சொல்வார்களே, அந்தக் காயாவா? தமிழ் வகுப்பில் படித்தபோது, அது ஏதோ பழைய காலத்தில் மட்டும் இருந்த பூ என்று நினைத்திருந்தேன். ஆயா ஒரு சருகை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, இது சாதாரண செடிதானே என்பது போல நடந்தாங்க. இலை தடியாக, தோல் மாதிரி இருந்தது. நரம்பே தெரியவில்லை. இந்த இலையில் மஞ்சள் சாயம் எடுத்துப் பாய்க்குப் போடுவார்களாம்.

அடுத்து ஒன்று எலுமிச்சை வாசனை அடித்தது. காட்டெலுமிச்சை. பெரிய நாவல் ஒன்று. முள்ளும் பாலுமாகக் களாச்செடி. எல்லா இலையும் பளபளவென்று, மெழுகு தடவின மாதிரி. பிறகு டீச்சரிடம் கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது. சோழமண்டலக் கடற்கரைக்கு மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். மீதி மாதமெல்லாம் காய்ச்சல்தான். தேக்கு மாதிரி மரங்கள் இலையைக் கொட்டிவிட்டுச் சமாளிக்கும். இந்தக் காட்டு மரங்கள் இலையைக் கொட்டாமல், இலையையே தடியாக்கி மெழுகு பூசி, உள்ளே இருக்கும் தண்ணீரைப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. புத்தகப் பேர் "வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு". இலங்கையின் வடக்குப் பக்கத்திலும் இதே வகை மரங்கள் உண்டாம். சென்னைக்குள்ளேயே கிண்டி தேசியப் பூங்கா இந்த வகைதான். 1978ல் தேசியப் பூங்கா ஆனது, மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர். இந்தக் கடற்கரை முழுக்க ஒரு காலத்தில் இருந்த காடு இப்போது துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. அந்தத் துண்டுகளில் நிறைய இப்படி அய்யனாரோ அம்மனோ உட்கார்ந்திருக்கும் கோயில் காடுதான். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இங்கிருந்து பக்கம்தான். அங்கிருந்து வந்து இந்தக் காட்டின் மரங்களை ஒவ்வொன்றாக அளந்து, எண்ணி ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்.

விழுந்த கிளைகளைப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? ஒரு பெரிய கிளை, எப்போது விழுந்ததோ, அப்படியே கிடந்தது. மேலே தொட்டால் பவுடராக உதிர்ந்தது. ஓரத்தில் தட்டுத் தட்டாகக் காளான். கரையான் மண் பூசியிருந்தது. அதன் அடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. மே மாதத்தில்! நம் அறிவியல் பாடத்தில் "சிதைப்பவை" என்று ரெண்டு மார்க் கேள்வி வருமே, அது மொத்தமும் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. சுள்ளியை எடுக்காமல் விட்டால் சுள்ளியே மண்ணாகிறது, அந்த மண்ணில்தான் அடுத்த மரம் வருகிறது. "ஆயா, சுள்ளி எடுக்கக் கூடாதுனு சொன்னது நல்லதுதான் போல! அறிவியல்படி சரி!" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

ஆயா பதில் சொல்லவில்லை. ஒரு வேர் மேல் உட்கார்ந்துவிட்டாங்க. கால் வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னாங்க. ஆயா சொன்னதை அவங்க சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"எங்க ஊர்லயும் இதே மாதிரி அய்யனார் காடு ஒண்ணு இருந்துச்சு. இவ்ளோ பெருசு இல்ல. பாலை, வீரை, காசா எல்லாம் இருக்கும். எனக்கு அப்ப ஒம்போது வயசு. என் தங்கச்சிக்கு ரெண்டு வயசு. ஐப்பசி அடைமழை. நாலு நாள் விடல. மொத நாளே புள்ளைக்குக் காய்ச்சல். கூரை ஒழுகுது, வெறகு நனைஞ்சு போச்சு, வரட்டி கரைஞ்சு போச்சு. கஞ்சி வைக்கணும், சுடுதண்ணி வைக்கணும், அடுப்பு எரிய மாட்டேங்குது. எங்கம்மா ஊதி ஊதிப் பாத்தா. மூணாம் நாள் ராத்திரி முந்தானையில ஒரு கை சுள்ளி எடுத்துக்கிட்டு வந்தா. காட்டு ஓரத்துல, தழை அடர்ந்த எடத்துல, கொஞ்சம் காஞ்சாப்ல கெடந்தது. ஒரு மொறம்கூட இருக்காதுடி. அதுல கஞ்சி வச்சுக் குடுத்தா. மறுநாள் புள்ள போய்டுச்சு."

நான் பேசாமல் இருந்தேன்.

"யாரோ பாத்திருக்காங்க. அய்யனார் சுள்ளியை எரிச்சா, புள்ளையைக் குடுத்துட்டானு ஊரே சொல்லிச்சு. அதுக்கப்புறம் ஒரு கல்யாணம் காட்சிக்கு அவளை யாரும் முன்னால நிக்க விடல. அவளும் நம்பிட்டா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அந்தக் காட்டு வாசலைக் கூட்டி வெளக்கு வச்சா. இருவது வருஷம். ஒரு வாரம் தவறினது கெடையாது."

அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. இந்திரா காந்தி இறந்த அடுத்த வருஷம் (அதாவது 1985) அந்த ஊரில் அய்யனாருக்குக் கோபுரம் கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்களாம். பணம் இல்லை. காட்டையே ஏலம் விட்டுவிட்டார்கள். சாமிக்குத்தானே, சாமி கோபித்துக்கொள்ளாது என்று சொன்னார்களாம். வெட்டி முடித்த இடத்தில் சவுக்கு நட்டார்கள்.

"லாரி லாரியா போச்சு. வெட்டினவனுக்கும் ஒண்ணும் ஆவல, வித்தவனுக்கும் ஒண்ணும் ஆவல. எங்கம்மா தெருவுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. 'அப்ப எம்பொண்ணு எதுக்குச் செத்தா?'னு கேட்டா. ஒருத்தரும் வாயத் தொறக்கல."

அப்போதுதான் விறகுக் காசு எனக்குப் புரிந்தது. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் விறகுக்கு ஆயாதான் கொடுப்பாங்க. அம்மாவுக்கே காரணம் தெரியாது. நான் வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா அன்றைக்கு ராத்திரி ஆயா பக்கத்திலேயே படுத்துக்கொண்டாங்க.

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனதில் இடித்துக்கொண்டே இருந்தது, கேட்டுவிட்டேன். "ஆயா, காய்ச்சல் மொத நாளே வந்துடுச்சுனு சொன்னியே. சுள்ளி எடுத்தது மூணாம் நாள்தானே? அப்போ சுள்ளியால காய்ச்சல் எப்படி வரும்?"

ஆயா என்னையே பார்த்தாங்க. புரை விழுந்த கண்ணில் தண்ணீர் வந்தால் அது அழுகையா, கண் நோவா என்று தெரியாது.

"இதை எங்கம்மாகிட்ட சொல்ல ஆள் இல்லையேடி" என்றாங்க.

பிறகு எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, மொட்டை அடிச்சிருப்பாங்க" என்று நடந்துவிட்டாங்க. காது குத்தும்போது மாமா பையன் போட்ட சத்தத்தில் காடே அதிர்ந்தது. சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது. நான் ரெண்டு தடவை வாங்கினேன். வரும்போது வேனில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை.

நண்பர்களே, நான் ரெண்டு மாதமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காடு எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே போய்வந்த பிறகு ஏரிக்கரைக் கருவேலத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அப்படி ஒரு காடு இவ்வளவு வருஷம் நின்றதற்குக் காரணம் சாமி பயம்தான். வீட்டு வாசலில் நிற்கும் வேப்பமரத்தையே கார் நிறுத்த வெட்டுகிற மனிதர்கள், பயம் இல்லாமல் இருந்தால் அதை விட்டு வைத்திருப்பார்களா? ஆனால் அதே பயம்தான் என் கொள்ளுப்பாட்டியை இருபது வருஷம் கூட்டிப் பெருக்க வைத்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்து, நீதான் காரணம் என்று சொல்ல வைத்தது. பயம் ஏழைக்குத்தான். ஏலம் விடுகிறவருக்குக் கிடையாது. காடு நல்லது, பயம் கெட்டது என்று எழுதிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். ஆனால் என் ஆயா ஊர்க் காடு பயம் விட்டுப்போன அன்றைக்குத்தானே போனது?

இதை அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு பழைய செய்தித்தாள் கொண்டுவந்து காட்டினாங்க. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காடு என்று ஒரு கோயில் காடு இருக்கிறது. 4.97 ஹெக்டேர். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சுமார் 12 ஏக்கர். அதை 2025 மார்ச் மாதம் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருக்கிறது. நம் மாநிலத்தில் இப்படி முதலில் அறிவிக்கப்பட்டது 2022ல், மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி. காசம்பட்டி இரண்டாவது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி அறிவிப்பு. சாமி இருக்கிறார், திருவிழா இருக்கிறது, கூடவே சட்டமும் வந்துவிட்டது. "அங்க ஏலம் விட முடியாதும்மா" என்றாங்க டீச்சர். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. வீட்டில் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சட்டம்னா மழையில சுள்ளி கேட்டு வர்றவளுக்கு என்ன சொல்லும்?" என்று கேட்டாங்க. "இப்போ எல்லாரும் கேஸ் அடுப்பு ஆயா" என்றேன். "சிலிண்டர் தீந்து போனா?" என்றாங்க. ஆயாவிடம் பேசி ஜெயிக்க முடியாது.

இதை எழுதலாமா என்று ஆயாவிடமே கேட்டேன். "எழுது. ஊர் பேர் மட்டும் போடாத. அங்க இன்னும் நம்ம ஜனங்க இருக்காங்க" என்றாங்க.

கடைசியாக ஒன்று. கட்டுரைக்குப் பக்கத்தில் இலை ஒட்டினால் அழகாக இருக்கும் என்று தமிழ் ஐயா சொன்னார். காட்டிலிருந்து ஒரு சருகுகூட எடுத்துவர ஆயா விடவில்லை. அதனால் நானே வரைந்திருக்கிறேன். மேலே இருப்பது காயா. அதன் கீழே காட்டெலுமிச்சை. இந்த ரெண்டும் நான் பார்த்து வரைந்தது. கடைசியில் இருப்பது பாலை. இதை நான் பார்த்ததே இல்லை. நமக்குப் பாலை என்றால் மரமே இல்லாத வறண்ட நிலம், ஐந்திணையில் ஒன்று. ஆயாவுக்குப் பாலை என்றால், உலக்கை செய்கிற அளவு உறுதியான ஒரு மரம், அதில் ஏறிப் பழம் தின்றிருக்காங்க. அவங்க ஊர்க் காட்டில் இருந்த மரம் அது. ஆயா சொல்லச் சொல்ல வரைந்தேன். முதலில் மாவிலை மாதிரி நுனியைக் கூராகப் போட்டுவிட்டேன். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "கூரா இருக்காதுடி, நுனியில நகத்தால கிள்ளிவிட்ட மாதிரி ஒரு பள்ளம் இருக்கும்" என்றாங்க. அழித்தேன். ரெண்டாவது தடவை பள்ளம் பெரிதாகிவிட்டது. மூணாவது தடவை, "ம், பரவால்ல" என்றாங்க. தாள் அந்த இடத்தில் கொஞ்சம் தேய்ந்துவிட்டது, மன்னிக்கவும். பழம் சின்னதாக, மஞ்சளாக இருக்குமாம், வேப்பம்பழம் அளவு. என் ஸ்கெட்ச் பேனாவில் மஞ்சள் தீர்ந்துபோய்விட்டது. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமைக்குள் தீட்டிவிடுகிறேன்.

— 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி